ஜப்பான் படத்து அம்மாவுக்கு ஜுரம் இல்லை

செம்பூர்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் கண்ணு ஸ்ரீலேகாவுக்கு அம்மா மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் அப்படியே இருக்கக் குருவாயூரப்பன் துணை இருக்கட்டும். சௌக்கியம் என்று நான் எழுதினால் நிஜமாகவே சௌக்கியம் என்று எடுத்துக்கொள், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது பின்னால் வருகிறது. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், அப்புறம் இரண்டு பேரும் அழுவோம். கடுதாசியில் நீ குறுக்கே பேச முடியாது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், அவசரமில்லை, மெதுவாகப் படி. தீபாவளி அன்றைக்கு நீ அந்த ஜப்பான்காரப் பிள்ளை நவோகியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது, பண்ணிக்கோ, என்னை மட்டும் கூப்பிடாதே, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை அப்பா கையில் கொடுத்தவள்தான், அதற்கப்புறம் இப்போதுதான் உன்னோடு பேசுகிறேன்.

நீ அப்பாவிடம் என்ன சொன்னாய் என்பதும் எனக்கு வந்து சேர்ந்தது. அம்மா என்னோட பேசலேன்னா போறது, இந்த ஊர்ப் பழைய படங்களையாவது பாக்கட்டும், இவா எப்படிப்பட்ட மனுஷான்னு அவளுக்கே தெரியும் என்றாயாம். நீ சொல்லிவிட்டால் அப்பாவுக்கு வேதவாக்கு. மறுநாளே இன்டர்நெட் போடுகிற ஷகீலைக் கூப்பிட்டு டி.வி.யில் அதற்கெல்லாம் ஏற்பாடு பண்ணியாகிவிட்டது. ஆன்ட்டி, ஏக்தம் மஸ்த் பிக்சர் ஆயேகா, டென்ஷன் மத் லோ என்று, படம் பிரமாதமாக வரும், கவலைப்படாதே என்று அவன் எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனான். நான் பிடிவாதமாக டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கினேன். அப்பாவின் சமர்த்தைக் கேள், முதல் படமே கத்திச் சண்டைப் படம், அதுவும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நேரத்தில். ஆற்றங்கரையில் இரண்டு பேர் வாளை உருவிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள், காற்று அடிக்கிறது, புல் ஆடுகிறது, அவர்கள் மட்டும் ஆடவில்லை. நான் சாம்பாருக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறேன், அப்போதும் நிற்கிறார்கள். வெட்டறதுன்னா வெட்டித் தொலைங்கோளேன், எனக்கு வேலை இருக்கு என்று சத்தம் போட்டேன், அந்த நிமிஷம் ஒருத்தன் விழுந்தான். அப்பா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு ரஞ்சனா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். அந்தப் படத்தை நீ பார்க்க வேண்டாம்.

இன்னொரு படத்தில் ஒரு சந்து முழுக்கக் குடித்தனங்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். அதைப் பார், அவசியம் பார். வாளியை நகர்த்தி வைத்ததற்காக இரண்டு பெண்கள் போடுகிற சண்டை இருக்கிறதே, நீ பிறப்பதற்கு முன்னால் நாங்கள் மாட்டுங்காவில் வாடகைக்கு இருந்த கட்டடத்தில் நான் போட்ட சண்டையேதான், பாஷை மட்டும் வேறு. அதைப் பார்க்கிறபோதுதான் என்னை அறியாமல் டி.வி. பக்கம் திரும்பி உட்கார்ந்தேன் போலிருக்கிறது. செருப்பை வாசலில் கழற்றுகிறார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பெண் பார்க்க வருகிறார்கள், பஜ்ஜி சொஜ்ஜிதான் இல்லை, டீயோடு சரி. பாத்தியா, அவாளும் நம்மள மாதிரிதான் என்று அப்பா பக்கத்திலிருந்து ஓதிக்கொண்டே இருந்தார். மீனை மறந்துட்டேளே என்றேன்.

படத்தின் கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தை என்னால் அந்த வேகத்துக்குப் படிக்க முடியாது. நான் முதல் வார்த்தையை முடிப்பதற்குள் அது போய் அடுத்தது வந்துவிடும். அதனால் அப்பாதான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார், நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்றாகவும் சொல்வார், பொய் சொல்லக் கூடாது. போன வாரம் ஒரு படம் போட்டார். சின்ன ஊரில் ஒரு கடைத்தெரு, அங்கே ஊறுகாய் போட்டு விற்கிற ஒரு அம்மா. பெரிய மரப்பீப்பாயில் காயை அடுக்கி உப்பைத் தூவிப் பலகை வைத்து, அதன்மேல் ஒரு கருங்கல்லைத் தூக்கி வைக்கிறாள். நம் மாட்டுங்கா மார்க்கெட்டில் இப்போதுதான் கடுமாங்காய் ஊறுகாய்க்கு மாவடு வந்திருக்கிறதா, முதல்நாள்தான் நானும் போட்டு முடித்து உட்கார்ந்திருந்தேனா, எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கு ஒரே பெண். அந்தப் பெண் எங்கேயோ வடக்கே பனி கொட்டுகிற ஊரில் ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருத்தனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கிளம்புகிறாள். அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. கிளம்புகிற அன்றைக்கு அந்த அம்மா சாதத்தை வடித்து, கையில் உப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டு உருண்டை உருண்டையாகப் பிடித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஊறுகாய்ப் பழத்தை வைத்து மூட்டை கட்டிப் புருஷன் கையில் கொடுத்து என்னமோ சொல்கிறாள். என்ன சொல்றா என்று கேட்டேன். அவளுக்கு ஜுரமாம், அதனால ஸ்டேஷனுக்கு வரலையாம் என்றார் அப்பா. படம் முடிந்தபோது, பொண்ணு அப்புறம் வந்து அம்மாவைத் தன்னோட அழைச்சிண்டு போயிடறா என்றும் சொன்னார். ஆனால் நான் பார்த்தது வெறும் தண்டவாளமும் பனியும்தான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜுரம் என்கிறார், ஆனால் பெண் போன கையோடு அவள் அந்தக் கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி இறக்குகிறாள். ஜுரக்காரி தூக்குகிற கல்லா அது? ஊறுகாய் போடுகிறவளிடம் அந்தக் கதை செல்லுமா? மறுநாள் அப்பா நெருளில் கோயில் கும்பாபிஷேக மீட்டிங் என்று போனதும் ரஞ்சனாவை அழைத்து எங்கே அமுக்கினால் படம் நிற்கும் என்று கேட்டுக்கொண்டேன். அவளை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான், நீ தமிழ் படிக்கிற மாதிரி. எனக்கு ஜுரம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள், நான் வந்தால் அவளை ரயில் ஏற விடமாட்டேன். இவ்வளவுதான் போட்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், ஸ்ரீ. அப்புறம் மீதியையும் அப்படியே படித்தேன். பெண் திரும்பி வரவே இல்லை. ரயிலில் மூட்டையைப் பிரித்து ஒரு வாய் சாப்பிடுகிறாள், அந்த உருண்டை பிடித்த கைக்கு ஜுரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, மீதியைக் கையில் வைத்துக்கொண்டே போகிறாள். அதற்குப் பிறகு அம்மாவும் பெண்ணும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு காட்சிகூடக் கிடையாது. இப்படிப் படம் எடுத்த மகானுபாவன் நன்றாக இருக்கட்டும்.

அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டேன். எதுக்கு எங்கிட்ட மாத்திச் சொன்னேள் என்றேன். உனக்குத்தான் தெரியுமே, ஆபீஸில் கோபமாக எழுத வேண்டிய லெட்டரையெல்லாம் கோபம் தெரியாமல் எழுதிக் கொடுப்பதுதான் அவர் உத்தியோகமே, ரிடையர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. ஜுரம்னு சொல்லச் சொன்னா, சொன்னேன், இதுல என்ன தப்பு என்று முதலில் மழுப்பினார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்ரீகிட்டயும் அப்படித்தான் சொல்லிண்டிருக்கேன், அம்மா பேசமாட்டேங்கறான்னு கொழந்தைகிட்ட எந்த வாயால சொல்லுவேன் என்றார். எனக்கு இந்த நாலு மாதத்தில் என்னென்ன வியாதி வந்தது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தலைசுற்றல், முட்டிவலி, பல்வலி, ஒரு தடவை சளி நெஞ்சில் கட்டிவிட்டதாம். முட்டிக்கு ஒட்டிக்கொள்ள நீ ஒரு பெட்டி பிளாஸ்திரி அனுப்பினாயே, யாருக்கு என்று புரியாமல் விழித்தேன். அவர் அதைத் தன் இரண்டு முட்டியிலும் ஒட்டிக்கொண்டு, ரொம்பச் சுகமா இருக்குடி வாலா, ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான் என்று வளைய வந்தார். நீ அங்கே நிஜமென்று நம்பிக் கவலைப்பட்டிருப்பாயே. இல்லை, நீயும் அந்தப் பெண்ணைப் போல எல்லாம் தெரிந்துகொண்டேதான் பிளாஸ்திரி அனுப்பினாயா?

எனக்கு ஒன்றும் இல்லை. கல்லு மாதிரி இருக்கிறேன். உன்மேல் கோபமும் இல்லை, அந்தப் பிள்ளைமேலும் இல்லை, அவனை நான் பார்த்ததே இல்லை, என்ன கோபம். போனில் வந்தால் திரும்பி வந்துடு என்று கெஞ்சிவிடுவேனோ என்று பயம், அவ்வளவுதான். நீ கேட்டுக்கொண்டு வந்துவிடுவாயோ என்றும் பயம். இதை அந்த ஊறுகாய்க்காரி ஒரே வரியில் சொல்லிவிட்டாள், எனக்கு இத்தனை பக்கம் ஆகிறது.

அதனால் முடிவாக எழுதுகிறேன். வைகாசிக் கல்யாணத்துக்கு நானும் வருகிறேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது, அதில் நான் திருடி மாதிரி இருக்கிறேன், அப்பா பரவாயில்லை என்கிறார், அவர் வார்த்தையை இனிமேல் யார் நம்புவார்கள். நம் வழக்கப்படி கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் கிளம்பும்போது பெண்ணைப் பெற்றவள் கட்டுச்சாதக் கூடை வைத்துக் கொடுக்க வேண்டும். நான் வராமல் போனால் அதை யார் கொடுப்பார்கள்? உன் அப்பாவா? அவர் புளியோதரையை வெல்லச்சாதம் என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். புளிக்காய்ச்சலும் கடுமாங்காயும் நான் கொண்டுவருகிறேன், தயிர் நல்லதாகக் கிடைக்கிற இடம் எது என்று மட்டும் நீ பார்த்து வை. அவர்கள் அடுத்த தெருவுக்குத்தான் போகிறார்கள் என்றாலும் பரவாயில்லை, கூடையோடுதான் போக வேண்டும். அவனுடைய அம்மா காரம் தாங்குவாளா என்று கேட்டு எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், அப்பாவுக்குப் பிளாஸ்திரி இன்னும் ஒரு பெட்டி வேண்டுமாம். அந்த ஊறுகாய்ப் படத்தை நீங்கள் இரண்டு பேரும் பாருங்கள், பார்க்க வேண்டிய படம், ஆனால் நான் வந்து இறங்கிய பிறகு பாருங்கள். ஏர்போர்ட்டில் முன்வரிசையில் வந்து நில், எனக்குக் கூட்டத்தில் முகம் தெரியாது. உன்னைப் பார்த்ததும் ஒரே ஒரு தடவை, ஆத்துக்கு வந்துடு ஸ்ரீ என்று சொல்லுவேன். நீ அதைக் கேட்க வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவனிடம், அம்மா ஆசீர்வாதம் பண்ணறா என்று மாற்றிச் சொல்லிவிடு. தீர்க்காயுசாக, தீர்க்கசுமங்கலியாக இருங்கள் என்று அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார், இதை மாற்றாமல்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜுரமும் இல்லாத உன் அம்மா
வாலாம்பாள்