அக்தோஸ் இருமுகிறாள்

டிசம்பர் 9

இயற்பியல் தேர்வு சுமாராகப் போயிற்று. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அக்தோஸ் இன்றும் கூண்டுக்குள் போகவில்லை. நாய்க் காப்பகத்திலிருந்து கூட்டி வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அப்பா பலகை அடித்து, தகரம் போட்டு, வைக்கோல் பரப்பிக் கொடுத்த கூண்டு. அவள் அதன் பக்கமே போவதில்லை. முற்றத்தின் வெளிக்கதவை ஒட்டிப் பனியில்தான் படுக்கிறாள், மூக்கைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு. யாருக்காகக் காத்திருக்கிறாள்? வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் அவளைச் சங்கிலியோடு விட்டுவிட்டுப் போனார்களாம். அவர்களுக்காகவா? நானாக இருந்தால் அவர்களை மறந்திருப்பேன். அல்லது மறந்திருக்க மாட்டேனோ.

காப்பகத்து ஜினைதா பாவ்லோவ்னா கையெழுத்து வாங்கும்போது சொன்னார்: “குட்டி கேட்டுத் தினமும் யாராவது வராங்க. கிழவியைக் கேட்டு வந்தவ நீ ஒருத்திதான். நல்லா யோசிச்சியா?”

யோசித்தேன். அம்மா அப்பாவின் நிபந்தனைகளையும் யோசித்தேன். அம்மாவுடையது: நாய் இருக்கும் வீட்டுக்குள் அல்லாவின் வானவர்கள் வரமாட்டார்கள், அதனால் அது வாசற்படி தாண்டக் கூடாது, அதன் எச்சில் பட்ட எதையும் அவர் தொடமாட்டார். அப்பாவுடையது: நோய் நொடி என்று வந்தால் பெரியப்பாவின் ஆட்டுப் பட்டிக்கு அனுப்பிவிடுவார். ஆட்டுக்காவல் நாய்தானே, மலைதான் அதற்கு ஊர் என்கிறார். பெரியப்பாவின் பட்டியில் ஓட முடியாத நாய்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

டிசம்பர் 11

அக்தோஸ் இருமினாள். பனி தொண்டையில் இறங்கியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர் 16

பனி இல்லை. பனியாக இருந்தால் நடக்கும்போதும் இருமுவாளே. படுத்தால்தான் வருகிறது. படுக்கிறாள், இருமுகிறாள், எழுந்து நிற்கிறாள். நின்றுகொண்டே தூங்குகிறாள். இன்று பார்த்தேன், நின்றபடி கண்ணை மூடி, முன்னங்கால்களை அகட்டி வைத்து, தலை மெல்ல மெல்லச் சரிந்து.

சாப்பிடும்போது அப்பா காதைத் தீட்டினார். “இருமறது நாயா, பக்கத்து வீட்டு செரிக்பாய் தாத்தாவா?”

“தாத்தாதான்” என்றேன். உடனே சொன்னேன், யோசிக்காமல். தாத்தா புகைபிடிப்பதை விட்டு வருஷமாகிறது.

நூலகத்தில் நாய் வளர்ப்பு பற்றிய தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. வயதான நாய், படுத்தால் இருமல் என்று தேடினால் ‘இதயம்’ என்று ஒரு முழு அத்தியாயம். பாதியில் மூடிவிட்டேன். பிறகு திறந்து முடித்தேன்.

டிசம்பர் 20

ஜினைதா பாவ்லோவ்னாவின் வண்டியில் மருத்துவரிடம் போனோம். மாதினா என்று பெயர், குட்டையாக, வேகமாகப் பேசுகிறவர். இதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. குணமாகாது; ஆனால் மாத்திரை போட்டால் நன்றாக இருக்கலாம், ஓரிரு வருஷங்கள்கூட. இதயத்துக்கு ஒன்று, நீர் இறங்க ஒன்று, காலையும் மாலையும்.

“உப்பு மட்டும் ஆகாது. புரியுதா? உப்புதான் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும்.”

புரிகிறது என்றேன். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

வீட்டில் சொல்லிவிட்டேன். இனி எப்படி மறைப்பது? உப்பைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. அவளுக்குச் சாப்பாடு வைப்பது நான்தானே. அப்பா என் பக்கம் திரும்பினார். “டாக்டரம்மா, வசந்தம் வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள சரியாகலேன்னா அண்ணன்கிட்ட பேசுவேன்.”

டிசம்பர் 27

மாத்திரையைத் துப்புகிறாள். சும்மா வைத்தால் துப்புகிறாள், கஞ்சியில் வைத்தால் கஞ்சியைச் சாப்பிட்டு மாத்திரையை மட்டும் தரையில் வைக்கிறாள், அழகாக, கழுவி வைத்தது போல. இன்று ஒரு பவுர்சாக்கை, அம்மா எண்ணெயில் பொரிக்கும் மாவுருண்டையை, கிள்ளி அதற்குள் பொதித்துக் கொடுத்தேன். விழுங்கினாள்! இனி தினமும் பவுர்சாக்தான்.

வீட்டில் குளிர்காலத்துக்குக் குதிரை வெட்டியாயிற்று. சமையலறை முழுக்கக் கறியும் பூண்டும் ஆவியும். புத்தகம் படிக்க இடமில்லை.

ஜனவரி 5

ஏன் குறையவில்லை? மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. நான் தவறவிடவில்லை. வயிறு உப்பியிருக்கிறது. கை வைத்தால் தண்ணீர்த் தோல்பை போல ஆடுகிறது. இருமல் அதிகமாகிவிட்டது. மருத்துவர் சொன்னதைத்தான் செய்கிறேன் — பிறகு ஏன்?

பெரியப்பா ஓமிர்சாக் தொலைபேசியில் சிரிப்பது எனக்கே கேட்டது. “சந்தையில கிழட்டுக் குதிரையை வாங்கறவனைப் பாத்திருக்கேன். கிழட்டு நாயைத் தேடிப்போய் எடுத்தவங்க உன் வீட்டுலதான்டா.” அப்பாவும் சிரித்தார். எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜனவரி 11

மாதினா அதட்டினார். “உப்பு குடுக்கறியா?”

“இல்லை.”

“நிச்சயமா?”

“சத்தியமா.”

அவர் என்னை நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். இதற்குமேல் கூட்டினால் சிறுநீரகம் தாங்காதாம். நான் பொய்யே சொல்லாதபோது பொய் சொன்னவள் போல ஏன் நின்றேன்?

ஜனவரி 14

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

பள்ளிக்குப் பாதி வழி போன பிறகுதான் குளிர் அதிகம், வகுப்பு இல்லை என்று செய்தி வந்தது. திரும்பினேன். முற்றத்தில் அம்மா. ஒரு கையில் நீளக் கரண்டி, மறு கையில் ஆவி பறக்கும் பாத்திரம். எட்ட நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து, அக்தோஸின் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். சோர்பா. கறி வெந்த சாறு, நெய்யாய் மிதக்கிறது. “குடி பொண்ணே, குடி. சூடு ஆறிடும்.” என்னிடம்கூட அம்மா அந்தக் குரலில் பேசி நாளாகிறது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அம்மா, உப்பு, உப்பு என்று. தட்டைக் காலால் தள்ளிவிட்டேன். சாறு பனியில் மஞ்சளாக ஓடியது.

அம்மா கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். “உப்பில்லாம எவடி சோர்பா வெப்பா? உன்னைப் பெத்து எழுந்திருக்க முடியாமக் கெடந்தப்ப எனக்கு ஊத்துனது இதைத்தான். இருமுது, நடுங்குது. நான் வேற என்ன குடுப்பேன்?”

“எப்போலேர்ந்து?”

“குதிரை வெட்டுனதுலேர்ந்து. தினமும். நீ பள்ளிக்கூடம் போனதும்.”

பிறகு அவர் உள்ளே போய்விட்டார். நான் பனியை வாரி அந்த மஞ்சளை மூடினேன். ஏன் மூடினேன், யாரிடமிருந்து?

ஜனவரி 15

இரவுச் சாப்பாட்டில் அம்மா அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தார். நான் விளக்கிச் சொன்னேன், மாதினா சொன்னதைப் போலவே: உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் இதயத்தை அழுத்தும். அப்பா தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காதைச் சொறிந்தார்.

“கஜி தோல்ல உப்பு இருக்குமா?”

கஜி என்பது உப்பும் பூண்டும் திணித்து வைக்கும் குதிரை விலாக்கறி. அதைவிட உப்பான பொருள் எங்கள் வீட்டில் இல்லை.

“தோல் மட்டுந்தான்” என்றார். “வேலைக்குப் போறப்ப. அது பாக்குதே என்னையே...”

அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பவுர்சாக். மாவு பிசையும்போது அம்மா முதலில் போடுவதே உப்புதான். காலையும் மாலையும், மாத்திரையோடு சேர்த்து, என் கையாலேயே.

அதை நான் அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 24

மாத்திரையை இப்போது கையாலேயே அவள் தொண்டைக்குள் தள்ளிவிடுகிறேன். வயிறு வற்றியிருக்கிறது. உண்மையாகவே. நேற்று படுத்துத் தூங்கினாள், பக்கவாட்டில், நான்கு காலையும் நீட்டி. இறந்துவிட்டாளோ என்று ஓடினேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா வெளிநடையில் பழைய கம்பளம் போட்டுவிட்டார். இரண்டு கதவுகளுக்கு நடுவே குளிர் காலணி விடும் இடம். “வானவங்க உள்கதவு வழியாத்தான் வருவாங்க. இது வெளிப்பக்கக் கணக்கு” என்றார். நான் வாதாடவில்லை.

ஜனவரி 30

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வருகிறாராம். வண்டியின் பின்பக்கம் காலியாக இருக்கிறது, நாயை ஏற்றிப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா மறுக்கவில்லை. அண்ணனிடம் அவர் எதற்கும் மறுத்ததில்லை. அம்மாவோ, எங்கள் வழக்கப்படி, கணவரின் அண்ணன் முன்னால் பேசவே மாட்டார், பேரைக்கூடச் சொல்லமாட்டார், ‘பெரியவர்’தான். அப்படியென்றால் யார் சொல்வது? நான் சொன்னால் சிரிப்பார். ஒன்றும் படிக்க ஓடவில்லை.

பிப்ரவரி 2

வந்தார். வெளிநடையிலேயே நின்று அக்தோஸின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார், குதிரைக்குப் பார்ப்பது போல. “அடேயப்பா, என்னைவிட மூத்தவ. மலைக்கு வா கிழவி, ஒரு வசந்தம் பாத்துட்டுப் போ.” அப்பா மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் கதவருகில் நின்றேன்.

அம்மா தேநீர் ஊற்றினார். விருந்தாளியின் கிண்ணத்தை நிரப்பக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிரப்பினால் எழுந்து போகச் சொன்னதாகிவிடும் — இதை எனக்குச் சொல்லித்தந்தவரே அம்மாதான். இன்று பெரியப்பாவின் இரண்டாவது கிண்ணத்தை விளிம்புவரை ஊற்றினார். மேசையில் ஒரு சொட்டு சிந்தும்வரை. இரண்டு கையாலும் நீட்டினார். தலை குனிந்தே இருந்தது.

பெரியப்பா கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“பெரியவரே,” என்றார் அம்மா, “அதுக்குக் காலையில மூணு மாத்திரை, சாயங்காலம் மூணு. உங்க ஆட்டுக்காரங்க குடுக்க மாட்டாங்க.”

பெரியப்பா அந்தச் சூட்டிலும் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, “நம்ம வீட்டு மருமகளுக்கும் வாய் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது” என்றார். கோபமா, மெச்சினாரா? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வண்டியின் பின்பக்கத்தில் அப்பா ஒரு பெட்டி ஆப்பிள் ஏற்றிவிட்டார்.

மார்ச் 6, அல்மாட்டி

வேதியியல் போட்டிக்காக வந்திருக்கிறோம். விடுதியில் ஆறு பெண்கள், எல்லாரும் என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறார்கள். நாளை காலை முதல் சுற்று. எனக்கோ வீட்டு நினைவுதான். மாத்திரைகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அன்றைய கிழமையை எழுதி வைத்துவிட்டு வந்தேன். அம்மா அவளைத் தொடமாட்டார். அப்பா மறந்துவிடுவார். இன்று மாலை மாத்திரை உள்ளே போயிற்றா, போகவில்லையா?

சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மா எடுத்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்:

“அப்புறம் பேசுடி. என் கை இவ வாய்க்குள்ள இருக்கு.”