குழந்தைகள்: இல்லை

சலவைக்காரர் இன்று காலை உன் வெள்ளைப் புடவைகளைக் கொண்டுவந்தார். ஐந்து புடவை, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. மகள் வீட்டுக்கு லால்குடி போயிருந்தாராம். நான் சொன்னதும் மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீங்க நர்ஸம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மக."

"அவங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாதுங்களே."

குத்தலாகச் சொல்லவில்லை. பத்துப் பதினோரு வருஷமாக உன் துணியை வெளுக்கிறவர், தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் புடவைகளை உள்ளே எடுத்து வைத்தேன். கஞ்சி வாசனை இந்தச் சின்ன குவார்ட்டர்ஸ் முழுக்க நிறைந்துவிட்டது. அதற்கு நடுவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் அப்பா வேலை பார்த்தார். டைபாய்டு வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பதினெட்டு நாளும் நீ நோயாளியைப் பார்த்ததைவிட நர்ஸுகளைப் பார்த்ததுதான் அதிகமோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவர்கள் நடக்கும் நடை, டாக்டரிடம் நிமிர்ந்து நின்று பேசும் விதம், எல்லாவற்றையும் பிற்பாடு எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய்.

காரியம் முடிந்ததும் மாமா நம்மைத் தொட்டியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உன் அண்ணன் நல்ல மனுஷர். வாழைத் தோட்டம் இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. "நீயும் பிள்ளையும் காலம் பூரா இங்க இருக்கலாம்" என்றார். அத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விடிந்ததிலிருந்து இரவு வரை அந்த வீட்டு அடுப்படி உன்னுடையதாயிற்று. ஒரு நாள் நெல் அவித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாய்: "இன்னொருத்தி அடுப்படியில காலம் பூரா நிக்க என்னால முடியாது."

ஐம்பத்து ஐந்தாம் வருஷம், அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்த மாதம், நீ பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் படிவம் வாங்கிக்கொண்டு வந்தாய். எட்டாவது படித்திருந்தால் போதும் என்றார்களாம். எட்டாவது படித்து முடித்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. என் ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களைத்தான் மறுபடி படித்தாய். மத்தியானம் அத்தை தூங்கியதும் நாம் இருவரும் வாழைக்கொல்லை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வோம். நான் கேள்வி கேட்பேன், நீ பதில் சொல்வாய்.

"நர்ஸ் வேலைக்கு ஏன் வர்றீங்க?"

"நோயாளிகளுக்கு உதவி செய்யணும்னுங்க."

"சத்தமாச் சொல்லுங்க."

நீ சிரிப்பாய். அப்பா போனபிறகு நீ சிரித்ததை அங்கேதான் பார்த்தேன். நீ பாஸாக வேண்டும் என்று உன்னைவிட நான்தான் துடித்தேன். மறந்துபோயிருந்த ஆங்கில எழுத்துகளை உனக்கு நான்தான் மறுபடி சொல்லிக்கொடுத்தேன். எடை குறைவு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியதும், என் பங்குப் பூவன் பழத்தையும் உனக்கே கொடுத்தேன். நீ ஜெயித்தால் நாம் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தை நிரப்பியதும் நான்தான். உன் எழுத்து கோணலாக விழும். நான் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். பெயர், வயது, படிப்பு, கணவர் இறந்த விவரம் எல்லாம் எழுதினேன். அடுத்த வரியில் குழந்தைகள் என்று இருந்தது.

"ஒண்ணுன்னு எழுதவா?"

"இல்லைன்னு எழுது."

"நான் இருக்கேனே?"

"பிள்ளை இருக்கவங்களை ஹாஸ்டல்ல சேத்துக்க மாட்டாங்க. வெறும் காயிதந்தான, எழுது."

எழுதினேன். எழுத்து அழகாக விழ வேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். மாமா கீழே கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இதுவரைக்கும் எனக்கு உன்மேல் குறையில்லை. காகிதத்தில் எழுதியதைக் காகிதத்தோடு விட்டிருப்பேன்.

வைத்தியப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. மாமாவுக்கு அன்று தோட்டத்தில் வாழைத் தார் வெட்டு, அதனால் துணைக்கு நான் வந்தேன். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாய்: "யாராவது கேட்டா அண்ணன் பொண்ணுன்னு சொல்லுவேன். நீ என்னை அத்தைன்னு கூப்பிடணும். நீங்க வாங்கன்னு பேசணும்." சரி என்றேன். அதுவும் நாம் விளையாடும் கேள்வி பதில் மாதிரியே இருந்தது எனக்கு.

பச்சைத் துணித் தட்டிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் நீயும் டாக்டரம்மாவும். மூச்சை இழு, விடு என்ற சத்தம் வந்தது. பிறகு டாக்டரம்மா கேட்டார்.

"வயித்துல கோடு இருக்கே. பிரசவம் ஆயிருக்கா?"

"ஆயிருக்குங்க."

"குழந்தை?"

நீ உடனே சொல்லவில்லை. ஒரு வினாடி, அதற்கு மேலும் இருக்கலாம்.

"தங்கலைங்க."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

"சரி, சேலையைக் கட்டிக்க."

தங்கவில்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு மூன்றாவதாகப் பிறந்து ஐந்தாம் நாள் போன குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நீ தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாய். முகம் தெளிவாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாய். நான் குடிக்கவில்லை. "புள்ளைக்கு வெயில் ஒத்துக்கலை" என்று கடைக்காரரிடம் சொன்னாய்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று உனக்காக எத்தனையோ பதில்களை யோசித்துப் பார்த்திருக்கிறேன். குறைமாதம் என்று சொல்லியிருக்கலாம். கலைந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். பெண் என்று சொன்னாயே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. வேறொரு குழந்தையைக் கற்பனை செய்துகூட உன்னால் கொல்ல முடியவில்லை. என்னைத்தான் சொன்னாய்.

அந்த ஆவணியில் ஹாஸ்டலில் சேர்ந்தாய். நான் தொட்டியத்தில் தங்கினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கூட்டிக்கொண்டு வருவார். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் பேசலாம். நான் "சாப்பிட்டீங்களா அத்தை?" என்பேன். ஊரில் அத்தை ஒருத்தி, ஹாஸ்டலில் அத்தை ஒருத்தி.

ஒரு தடவை பயிற்சிப் பெண்களை எல்லாம் முக்கொம்பு அணைக்கு அழைத்துப் போனார்கள். மாமாவிடம் சொல்லி என்னையும் அங்கே வரவழைத்தாய். மதகுப் பக்கம் படியில் ஓடும்போது நான் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். "அம்மா" என்று கத்திவிட்டேன். கத்தியதும் வலி மறந்து பயம் வந்தது. உன் முகமும் வெளுத்துப்போனது. ஆனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அடிபட்டால் யாரானாலும் அப்படித்தானே கத்துவார்கள். நீ மண்டியிட்டு, காயத்தைக் கழுவி, கட்டுப் போட்டாய். "கட்டு ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று கூட இருந்த ஒருத்தி உன்னைப் பாராட்டினாள். நீ என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "ஈரம் படாமப் பாத்துக்க" என்றாய்.

பயிற்சி முடிந்து ஸ்ரீரங்கத்துப் பிரசவ விடுதியில் வேலை கிடைத்தது. இந்தக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. இனி என்னைக் கூட்டிக்கொள்வாய் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். வேலை பெர்மனென்ட் ஆகட்டும் என்றாய். பெர்மனென்ட் ஆனது. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு மாதிரி எழுதியிருக்கு, இப்ப மாத்தினா வேலைக்கே ஆபத்து என்றாய். அது உண்மையாகவும் இருக்கலாம். கேட்டுப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸான வருஷம், பதினாறு வயதில், தனியாகப் பஸ் ஏறி இங்கே வந்தேன். நீ வடாம் பொரித்து, பாயசம் வைத்திருந்தாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, யார் என்று கேட்டாள். "அண்ணன் பொண்ணு. பாஸாயிட்டா" என்று பெருமையாகச் சொன்னாய். அவள் போனதும் இலையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"நீ நிக்க முடியாத அடுப்படியில என்னை நிறுத்திட்டு வந்துட்ட" என்றேன். அத்தை என்றும் சொல்லவில்லை, நீங்க என்றும் சொல்லவில்லை.

அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. வாணலியை இறக்கி வைத்தாய்.

"நீ நின்ன. நான் நின்னிருந்தா செத்திருப்பேன்."

"நான் செத்துட்டேன்னுதான சொல்லிட்டு வந்த?"

அன்றைக்குத்தான் உனக்குத் தெரிந்தது, தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது. நீ என் இலையை எடுத்து மடித்தாய். "கை கழுவிட்டு வா. கடைசி பஸ் ஆறு மணிக்கு" என்றாய்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. என் கல்யாணத்துக்கு அண்ணன் மகள் திருமணம் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். மாமாவும் அத்தையும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நீ பந்தலின் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்றாய். என் மகள் பிறக்க இருந்தபோது உன் விடுதிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாய். நான் வரவில்லை. என் புகுந்த வீடு இருக்கும் உறையூரிலேயே பெற்றுக்கொண்டேன். உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். வலித்ததா என்று நீ கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை.

மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று உன்கூட வேலை பார்ப்பவர்கள் தகவல் அனுப்பியபோதுதான் வந்தேன். ஒன்பது நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஜுரத்தில் நீ யார் யார் பெயரையோ சொன்னாய். மேலச் சித்திரை வீதியில் ஒரு பெண்ணுக்கு இது ஒன்பதாம் மாதம், இரட்டை மாதிரி இருக்கிறது, யாராவது போய்ப் பாருங்கள் என்றாய். நினைவு தெளிந்த ஒரே ஒரு மத்தியானம் என்னைப் பார்த்தாய். ஏதோ சொல்லப்போகிறாய் என்று குனிந்தேன்.

"தண்ணி கொஞ்சமாக் குடு. ஒரேயடியா ஊத்தாத."

அவ்வளவுதான். நோயாளிக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது என்று சொன்னாய்.

உன்னை வாசலில் கிடத்தியபோது தெரு கொள்ளவில்லை. கையில் பிள்ளை, இடுப்பில் பிள்ளை என்று பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "அம்மா, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒருத்தி மண்ணில் புரண்டாள். கோயில் வீதியிலிருந்து வந்த ஒரு மாமி, "என் மூணு குழந்தேளையும் கையில ஏந்தினவ. பெருமாள் திருவடியில சேர்ந்துட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊரே உன்னை அம்மா என்று அழைத்து அழுதது. எனக்கு வாய் வரவில்லை. கூட்டம் அதிகமாயிருந்ததால் ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.

அதற்கப்புறம் யார் யாரோ வந்து உன்னைப் பற்றி நல்லதாகவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லாம் உண்மை. நீ நர்ஸ் வேலைக்குப் போயிராவிட்டால் அந்தப் பிள்ளைகளில் பாதி பிழைத்திருக்காது என்கிறார்கள். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு என் மனம் இளகும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இளகவில்லை.

நேற்று என் நாத்தனார் வந்திருந்தாள். "துக்க வீட்டுல பாப்பா எதுக்கு? நாலு நாள் குளித்தலையில எங்க பிள்ளைங்களோட விளையாடட்டும், அண்ணி" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். மகளும் சந்தோஷமாகப் பாவாடையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். முடியாது என்றேன். நாத்தனார் முகம் சுருங்கிப்போனது. என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். மூன்று வயதாகிறது, ஒரு நாள்கூட நான் அவளை யார் வீட்டிலும் விட்டதில்லை. இதைப் பாசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது பாசமில்லை, பயம். நீ எனக்கு விட்டுப்போனது இதுதான்.

இப்போதும் அவள் அந்த மூலையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். இருக்கட்டும். கோபப்படுவதானால், என் பக்கத்திலிருந்தே கோபப்படட்டும்.