மூச்சையும் கேட்டு வாங்கு

சாவுசாவு ஊரிலிருந்து,
ஞாயிறு, கோயில் முடிந்து.

அன்பு மகன் கிடியோனிக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் கடலில் முக்குளிக்கிற வேலைக்குப் போன கெய்ன்ஸில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும் என்று கர்த்தரைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். இங்கே மழை ஓய்ந்துவிட்டது, மரவள்ளி நன்றாகப் பிடித்திருந்தது, பக்கத்து வீட்டு அகெனெட்டாவின் பன்றி வந்து பாதியைத் தோண்டிவிட்டது, சண்டை போடவாவது ஆள் கிடைத்தாளே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். உன் அப்பா போன பிறகும் இரண்டு பேருக்குக் கிழங்கு அவிக்கிற பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை, மிச்சத்தை மறுநாள் நானே தின்கிறேன்.

போன வாரம் போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "கடலடியில தொட்டிக் காத்து தீந்துபோச்சும்மா, நம்மூர்ல பண்ற மாதிரி மூச்ச அடக்கிக்கிட்டு மேல வந்துட்டேன்" என்றாய். நானும் பைத்தியம் மாதிரி சிரித்தேன், படகுத்துறையில் முக்குளிக்கக் கற்றுத் தருகிற லோசனாவிடம் போய் என் பிள்ளையின் நெஞ்சுரத்தைப் பார் என்று பீற்றிக்கொண்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று, "ஐயோ அத்தை, அவன் பொழச்சதே பெரிசு" என்றாள். கரையில் இழுத்த மூச்சோடு முங்கி அதே மூச்சோடு வருவதுதான் நம் வழக்கம், ஆனால் ஆழத்தில் தொட்டியிலிருந்து இழுத்த காற்று மேலே வர வர ஊதிப் பெருகுமாம், வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடுமாம். காற்று தீர்ந்தால் கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டி, ஜோடியாக முங்குகிறவனிடம் உள்ள இன்னொரு குழாயை வாங்கி வாயில் வைத்து, ஒருவரையொருவர் பிடித்தபடி மெல்ல வர வேண்டுமாம், அவன் எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டும் 'ஆ' என்று மூச்சை விட்டுக்கொண்டே தனியாக வர வேண்டுமாம். இதெல்லாம் படித்துத்தானே நீ வேலைக்குப் போனாய்? கூட முங்கினவன் எங்கேடா என்று அதே போனில் நான் கேட்டபோது "பக்கத்துலதான் இருந்தான், புது ஆளும்மா, அவங்கிட்ட எப்படிக் கேக்கறது, கேவலமா நெனைப்பான்" என்றாயே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாமன் போட்டிருந்த சட்டையையே 'கெரேகெரே, எனக்குத் தா' என்று கேட்டுக் கழற்றி வாங்கியவன் நீ. உப்போ படகோ, கெரேகெரே என்று கேட்டுவிட்டால் யாரும் இல்லை என்று சொல்லாத ஊரில் பிறந்துவிட்டு ஒரு வாய்க் காற்றைக் கேட்க வெட்கப்பட்டாயா?

உன்னைத் திட்டுகிறேனே தவிர நானும் லேசுப்பட்டவள் இல்லை. பாவம் தனியாக இருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அப்பா போனதிலிருந்து ஒரு தேங்காய்கூட எவரிடமும் கேட்டதில்லை. மனசு கேட்காமல் லோசனாவிடம் போய் நின்றேன், எனக்கும் அதைக் காட்டு என்று. இடுப்பளவுத் தண்ணீரில் தொட்டியை மாட்டி முங்கி உட்கார வைத்து, முன்னாலேயே சொன்னபடி காற்றை மூடினாள். கையைக் காட்ட வேண்டும் என்று தெரியும், ஆனாலும் முங்கிச் சிப்பி பொறுக்கின பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவளாகவே குழாயை என் வாயில் வைத்தாள். எழுந்து நின்று அழுதேன். "பயந்துட்டீங்களா அத்தை" என்றாள். பயமில்லை மகனே, தனியாகவே இருந்து இருந்து எனக்குக் கேட்கவே மறந்துபோயிற்று. "இன்னொரு தடவ மூடுடி" என்றேன், இந்தத் தடவை கையைக் காட்டிக் கேட்டேன், உடனே கொடுத்தாள், கேவலமாக ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. திரும்பும்போது அகெனெட்டாவிடம் தேங்காய் கேட்டேன், "இத்தன நாளா எங்கடி போயிருந்தே" என்று திட்டி உட்காரவைத்துத் தேநீரும் கொடுத்தாள்.

இருமலோ நெஞ்சு வலியோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. ஒவ்வொரு தடவையும் இறங்குமுன் ஜோடியோடு நின்று அந்தக் கை ஜாடையைச் செய்து பார், குழாயை வாங்கிப் பார், தொட்டியில் மிச்சக் காற்றைக் காட்டுகிற முள்ளை அடிக்கடி பார்த்துக்கொள். கர்த்தர் உன்னைத் தண்ணீரிலும் தரையிலும் காப்பாற்றட்டும், என் ஆயுசையும் சேர்த்து உனக்குத் தரட்டும். ஒன்று மறக்காதே: அன்றைக்கு அவ்வளவு நேரம் பேசினாய், பக்கத்தில் இருந்தவனின் பெயரை மட்டும் சொல்லவில்லை, உனக்கே தெரியாது போலிருக்கிறது. கேட்டு எனக்குச் சொல், ராத்திரி ஜெபத்தில் இனி உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
வாசிட்டி