பழைய கெர்னலை ஏன் தூக்கினாய், காமென்?

காமென்,

அடுப்பில் அரிசி அடைத்த குடமிளகாய் இருக்கிறது. தயிர் ஊற்றிச் சாப்பிடு. கை கழுவியதும் என் லேப்டாப் முன்னால் உட்கார்.

நேற்று, "அக்கா, உன் லினக்ஸுக்குப் புது கெர்னல் போட்டு, சுத்தமும் பண்ணிட்டேன்" என்று நீ பெருமையடித்தாய். காலையில் வைஃபை வேலை செய்யவில்லை. லேப்டாப்பின் அடிப்படை நிரலையே மாற்றிவிட்டாய்; அந்தப் புது கெர்னல் என் வைஃபை கார்டோடு ஒத்துப்போகவில்லை. சரி, பழையதில் ஏறலாம் என்று ஆன் செய்யும்போது வரும் பட்டியலைப் பார்த்தால், அது இல்லவே இல்லை!

"புதுசு வந்தாச்சுல்ல, பழசு எதுக்குக்கா இடத்த அடைச்சுக்கிட்டு?" என்றாயே, இதற்குத்தான்டா! புதுசு காலை வாரினால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டாமா?

மதியத்துக்குள் மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும். கீழ்வீட்டு யோர்தாங்காவின் கணினியிலிருந்து அனுப்ப, பென்டிரைவோடு அவளிடம் ஓடுகிறேன். நீ மூட்டை கட்டிவிட்ட இணையக் கேபிளைத் தேடி எடுத்துச் செருகிப் பழைய கெர்னலைத் திரும்பப் போட்டுவிட்டு அப்புறம் கிளம்பு.

நீ புது வீட்டுக்குக் கிளம்பும்போது, எல்லாம் தண்ணீர்போல் தடையில்லாமல் ஓடட்டும் என்று வாசலில் தண்ணீர் கொட்ட நான் இருக்க மாட்டேன். இப்போதே கொட்டிவிட்டேன். வழுக்கும், பெட்டியோடு விழுந்து தொலைக்காதே.

நெவேனா

பி.கு.: உன் ரலிட்சா வண்டியோடு வந்தால் குடமிளகாயில் பாதி அவளுக்கு. கல்யாணப் பெண்ணைப் பட்டினி போடாதே.

இன்னொன்று. நேற்றைய சண்டையில் இந்த வீட்டுச் சாவியைக் கழற்றி மேசையில் எறிந்தாய். அதை எடுத்துப் புதுச் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டிக்கொள். இடத்தை ஒன்றும் அடைக்காது.