அறுந்த முதல் தந்தி

தூத்துக்குடி
10.7.1976

அன்புள்ள அப்பாவுக்கு எப்சிபா வணக்கத்தோடு எழுதுவது. வால்பாறை மழையில் உங்கள் மூச்சிரைப்பு கூடாமல் இருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன். இதை நம்பிவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் கொடுத்த கிட்டார் இங்கே வந்ததிலிருந்து கிர்ரென்று இரைந்துகொண்டே இருந்தது. தந்திகள் தாழ்ந்துபோய், கழுத்தில் பதித்த ஃப்ரெட்டுக் கம்பிகளில் உரசின. போன சனிக்கிழமை தந்திகளைத் தளர்த்தி, பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் எலும்புப் பட்டைக்கு அடியில் சிப்பித் துண்டொன்றை மெல்லிசாகத் தேய்த்து வைத்தேன். மறுபடி ஒவ்வொன்றாக முறுக்கி வந்தபோது, கடைசியில், கடல்காற்றில் துருப்பிடித்திருந்த முதல் தந்தி படீரென்று அறுந்து முகத்தில் அடித்தது. இடது கண் முழுக்க ரத்தம். ஒன்றுமே தெரியவில்லை. கண் போய்விட்டது என்றே நினைத்தேன், அப்பா.

அறையில் கூட இருக்கும் அற்புதமணிதான், “ஏளா, கைய எடுக்காத, அப்படியே அமுக்கிப் பிடி” என்று ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனாள். டாக்டர் கழுவிப் பார்த்தார். வெட்டு புருவத்தில்தான், இரண்டு தையல். “கண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தையல் பிரித்தாயிற்று, ஆபீசுக்கும் போகிறேன். மிச்ச ஐந்து தந்திகளும் இப்போது இரையவில்லை. முதல் தந்தி ஒன்று வாங்கித் தபாலில் அனுப்புங்கள். வேண்டாம், நீங்களே கொண்டுவந்து மாட்டிக் கொடுங்கள். அன்றைக்குப் பிறகு முறுக்காணியை நான் தொடவே இல்லை.

எதிரே இருக்கும் தபால் பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டார், இத்தோடு முடிக்கிறேன்.

உங்கள் மகள்
எப்சிபா