ராகு காலத்தில் ரிலீஸ் இல்லை

ஆவணி, வெள்ளிக்கிழமை.

அண்ணன் பொண்ணுக்கு மாகறல்ல காதுகுத்து. பந்தியில உக்காந்த நேரம் பாத்து முதலாளி போன். சேலை டிசைன் போடற எங்க சாஃப்ட்வேர்ல பார்டர் கோணலா விழுது, பிள்ளையார்பாளையத்துல மூணு தறி நிக்குது. நேத்தே திருத்தி வெச்சுட்டேன். அதை எல்லாத் தறிக்காரங்களுக்கும் அனுப்பற ரிலீஸ்தான் பாக்கி, நீங்களே பண்ணிடுங்க சார்னேன்.

போன தடவை அவரே ரிலீஸ் பண்ணப் போய், பழைய வெர்ஷன் எல்லாருக்கும் போயிடுச்சு. அதுக்கப்புறம் ரிலீஸ் பண்ற குட்டி புரோகிராமை, அந்த ஸ்கிரிப்டை, ஒரு மாசம் உக்காந்து மாத்தினேன். அது காட்டற ஒவ்வொரு வரியையும் அவருக்குப் புரியற தமிழ்ல எழுதினேன்.

"ஏம்மா ரம்யா, 'இப்போ ராகு காலம், பன்னெண்டு மணிக்கு மேல வாங்க'ன்னு சொல்லுது. யாரும்மா இதைப் போட்டது?"

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க."

"தறி நிக்குதும்மா! மீற வழி இருக்குதா?"

"உதவின்னு டைப் பண்ணிப் படிங்க சார்."

வெச்சுட்டேன். பாதி பாயசத்தோட பந்தியிலிருந்து எழுந்துட்டேன்.

பன்னெண்டு தாண்டியும் போன் வரலை. பொறுக்க முடியாம நானே கூப்பிட்டேன்.

"முடிஞ்சுது. தறி ஓடுது."

"மீறினீங்களா சார்?"

"'மீறலாம், ஆனா தப்பானா ரம்யாவைத் திட்டக் கூடாது'ன்னு கடைசியில எழுதி வெச்சிருக்கியே! அதான் மீறாம, பன்னெண்டு ஆகட்டும்னு கடிகாரத்தைப் பாத்துக்கினு இருந்தேன்."

இத்தனை வருஷத்துல நான் எழுதின உதவிக் குறிப்பைக் கடைசி வரி வரைக்கும் படிச்ச முதல் ஆள் அவர்தான்.

திரும்பப் போய் இன்னொரு டம்ளர் பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சேன்.