'பிடிவாதம்' என்று எழுதிய நாட்கள்

14 ஆகஸ்ட் 1999, சனி. ரிச்சர்ட்ஸ் டவுன்.

மகள் எஸ்தருக்கு என் சிறுநீரகத்தைப் பொருத்தியதிலிருந்து அவளுடைய சர்க்கரை, மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வருகிறேன். ஒரு மாதமாகச் சர்க்கரை இறங்கவில்லை. சப்பாத்தியை ஒதுக்கிவிட்டுக் குழைந்த சோறே சாப்பிடுகிறாள் என்று தினமும் திட்டினேன்.

இன்று டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறெல்லாம் சீழ்.

"இந்த இன்ஃபெக்ஷனே சுகரை ஏத்திடும் சார். கிட்னிக்கும் ரிஸ்க். கவனிக்கலையா?"

ஆட்டோவில், "ஏம்மா சொல்லல?" என்றேன்.

"கடிச்சா ரத்தம் வருது டாடி. சொன்னா அதையும் நோட்டுல எழுதிட்டுத் தூங்காம கெடப்பீங்க." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நோட்டைப் புரட்டினேன். 'சப்பாத்தி வேண்டாம் என்றாள். பிடிவாதம்.' மாதம் முழுவதும் அதே வரி, என் கையெழுத்தில். வரும் திங்கட்கிழமை நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த வரிகளை அடித்துவிடுவதா, அப்படியே காட்டுவதா?